உன் கட்டுரையில் அப்பாயி எங்கே?

அன்புள்ள பாப்பா,

கஜா புயலைப் பற்றி நீ எழுதி அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையைப் படித்தேன். அப்பாவுக்கும் உட்கார வைத்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. பேராவூரணிப் பக்கத்துப் பிள்ளை அமெரிக்கக் கல்லூரியில் போய் இப்படி எழுதுகிறாளே என்று எனக்குப் பெருமைதான். ஆனால் படித்து முடித்தபோது நம் வீட்டில் நாம் கழித்த அந்த ராத்திரி அதில் இல்லை. ஊர்ப் பெயரை மாற்றினால் ஒடிசாவில் அடித்த புயலுக்கும் அது அப்படியே பொருந்திவிடும்.

'இன்னும் விவிட்டாக எழுது', அதாவது கண்முன் நிற்கிற மாதிரி எழுது என்று உன் பேராசிரியர் ஓரத்தில் குறித்திருக்கிறார். அதற்கு நீ 'டெவஸ்டேட்டிங்', 'ஹாரிஃபிக்', 'அன்ஃபர்கெட்டபிள்' என்று புதிதாகச் சேர்த்திருக்கிறாய். அவர் கேட்டது அது இல்லை என்று நினைக்கிறேன். இந்தச் சொற்கள் என்ன நடந்தது என்று காட்டுவதில்லை. நடந்ததைப் பற்றி நீ எந்த முடிவுக்கு வந்தாய் என்று மட்டும் சொல்கின்றன. அந்த முடிவுக்குப் படிக்கிறவர் தானாக வந்து சேரவேண்டும். அவர் வந்து சேர என்னென்ன வேண்டுமோ அதைக் கொடுப்பதுதான் உன் வேலை.

முதலில் அளவைப் பார். ஆயிரம் சொல்லில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதில் கால்வாசி, புயலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது இலங்கை, கஜா என்றால் யானை, 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது, காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வரை வீசியது என்று போகிறது. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அன்றைக்கு நீ ஆறாம் வகுப்பு. இதில் ஒன்றுகூட உனக்குத் தெரியாது. காற்றின் வேகம் எவ்வளவு என்பதே நமக்குப் பிறகு பேப்பர் பார்த்துத்தான் தெரிந்தது. உண்மையில் நாம் பயந்து கிடந்தது மூன்று மணியிலிருந்து விடியும்வரை. அந்த நேரத்துக்கு நீ கொடுத்திருப்பது இரண்டே வாக்கியம். அதை மாற்று. முன்னுரையை இரண்டு வரியாகச் சுருக்கு, அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கட்டுரையில் பாதிக்கு மேல் கொடு. வேகமும் கிலோமீட்டரும் வேண்டுமென்றால் பின்னால், கரண்ட் வந்த இடத்தில், அப்பா பேப்பரைப் படித்துச் சொன்னதாக வரட்டும்.

காற்று ஊளையிட்டது என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்டது ஊளையா? ஆங்கிலத்தில் புயல் என்றாலே ஊளை என்று எழுதிப் பழகிவிட்டதால் உன் கையும் அதையே எழுதிவிட்டது. நான் கேட்டதைச் சொல்கிறேன், உனக்கும் ஞாபகம் வரலாம். ஓட்டு வீட்டை விட்டுப் பின்னால் கட்டிய சிமெண்ட் அறைக்குள் எல்லாரும் வந்துவிட்டோம். அங்கிருந்து ஓடு ஒவ்வொன்றாகப் பெயர்வது கேட்டது. முதலில் ஒன்று விழும், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒன்று. போகப்போக இடைவெளியே இல்லை. கதவுக்கு அப்பா தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கதவு அசையும்போதெல்லாம் அவர் தலையும் அசைந்தது. அரிக்கேன் விளக்கு ஒன்றுதான், எண்ணெய் மிச்சப்படுத்த அதையும் தணித்து வைத்திருந்தோம்.

அப்பாயி எங்கே உன் கட்டுரையில்? 'மை கிராண்ட்மதர் வாஸ் ப்ரேயிங்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அப்பாயி அன்றைக்குச் சாமி கும்பிடவில்லை பாப்பா. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, வெளியே தோப்பில் தொப்பென்று ஒவ்வொரு தென்னை மரம் விழும்போதும் அது எந்த மரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "அது மோட்டார் கொட்டாயிக்கிட்ட நின்னது." "இது வரப்போரத்து மரம், ஒங்க தாத்தா வச்சது." "கெணத்தடி மரம் போயிருச்சு." நீ அவர்கள் மடியில்தான் படுத்திருந்தாய். ஒரு கட்டத்தில் "அப்பாயி, எண்ணாதீங்க" என்று நீ அழுதாய். அப்பாயி நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு வெறும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது. இது எதையும் நான் கற்பனை செய்து சொல்லவில்லை. உன்னிடமே இருக்கிறது. அமெரிக்க வாசகருக்கு இது புரியாது என்று நீ ஒதுக்கிவிட்டாயோ என்று எனக்குச் சந்தேகம். புரியும். தன் தோப்பு மரம் இருட்டில் விழுவதைக் காதாலேயே அடையாளம் காணும் ஒரு கிழவியைப் புரிந்துகொள்ள யாருக்கும் அடிக்குறிப்பு வேண்டாம்.

பி.எட். படிக்கும்போது ஒரு ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன், வகுப்பில் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லித்தரும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க்கில் சாதாரண மக்களிடம், 'செத்தோம் என்று நினைத்த சமயம் உண்டா, என்ன நடந்தது?' என்று கேட்டுப் பதிவு செய்தார். அதற்குப் பதில் சொல்லும்போது மனிதர்கள் தாங்கள் பேசும் விதத்தையே மறந்து கதைக்குள் போய்விடுவார்கள் என்பது அவர் கண்டது. 1967இல் அவரும் ஜோஷுவா வாலெட்ஸ்கியும் அந்தக் கதைகளின் அமைப்பை எழுதினார்கள். நடந்த வரிசையிலேயே வாக்கியங்கள் வரும், ஆனால் உச்சமான இடத்தில் சொல்கிறவர் கதையை நிறுத்திவிட்டு அது தனக்கு ஏன் முக்கியம் என்பதைக் காட்டுவார் என்றார்கள். அப்படிக் காட்டும் வழிகளில் ஒன்று, நடக்காமல் போனதைச் சொல்வது. இதை நீ பிடித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் விடிந்தபோது சேவல் கூவவில்லை. பால்காரர் வரவில்லை. அடுப்படியில் எப்போதும் இருக்கும் இருட்டு இல்லை. தோப்பு மறைத்திருந்த வெயில் நேராக உள்ளே வந்து அம்மியின் மேல் விழுந்தது. எத்தனை மரம் போயிற்று என்று சொல்வதற்கு முன் அந்த வெயிலைச் சொல்.

'ஷோ, டோன்ட் டெல்', சொல்லாதே, காட்டு என்று உங்கள் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்றாய். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே இருந்தால் வாசகர் களைத்துப்போவார். புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, வாடகை ஜெனரேட்டர் வைத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோமே, அதையெல்லாம் மூன்று வரியில் சொல்லிவிட்டுப் போ. காட்ட வேண்டியது அந்த ராத்திரி. மற்றதைச் சொன்னால் போதும்.

இனி ஆங்கிலம். நம் பேச்சில் பரபரப்பான இடம் வந்தால் நிகழ்காலத்துக்குப் போய்விடுவோம், 'அவரு கதவைப் புடிக்கிறாரு, காத்து தள்ளுது' என்று. நீயும் ஆங்கிலத்தில் அப்படியே 'வாஸ்' என்று ஆரம்பித்து நடுவில் 'இஸ்'ஸுக்கு மாறியிருக்கிறாய். ஆங்கிலத்திலும் அது உண்டு, ஆனால் எழுத்தில் காரணம் தெரியாமல் மாறினால் பிழையாகத்தான் படும். இறந்தகாலத்திலேயே நில். முந்திய நாள் நடந்ததற்கு 'ஹாட்' (had) ஓரிரு முறை போட்டுவிட்டு அப்புறம் சாதாரண இறந்தகாலத்துக்கு வந்துவிடு. 'வுட்' (would) என்பதையும் நிறைய போட்டிருக்கிறாய். அது அடிக்கடி நடந்ததற்கு. ஒரே ஒரு ராத்திரியில் நடந்ததை 'வீ வுட் ஹியர்' என்று எழுதினால் தினமும் கேட்டது போல ஆகிவிடுகிறது, பயம் போய்விடுகிறது.

இன்னொன்று, நம் வினையெச்சம். 'கதவைத் திறந்ததும் காற்று உள்ளே வந்தது' என்று தமிழில் சொன்னால் திறந்தது நாம், வந்தது காற்று என்று எல்லாருக்கும் புரியும். 'ஓப்பனிங் த டோர், த விண்ட் கேம் இன்' என்று நீ எழுதியிருக்கிறாய். ஆங்கிலத்தில் அதற்குக் காற்றே கதவைத் திறந்தது என்று பொருள். மூன்று இடத்தில் இப்படி வந்திருக்கிறது, அடிக்கோடிட்டிருக்கிறேன். நீளமாகக் கோக்காதே. அப்பா கதவைத் திறந்தார். முற்றுப்புள்ளி. காற்று உள்ளே வந்தது. முற்றுப்புள்ளி. ஆங்கிலத்தில் பயத்துக்குச் சின்ன வாக்கியம்தான் நன்றாக இருக்கும்.

அப்பாயி பேச்சை அவர்கள் பேசியபடியே நேர்க்கூற்றில் போடு. ஆனால் பட்டிக்காட்டுக் கிழவி என்பதற்காக உடைந்த ஆங்கிலத்தில் பேச வைத்துவிடாதே. அப்பாயி தன் மொழியில் தெளிவாகப் பேசுகிறவர்கள். ஆங்கிலத்திலும் தெளிவாகவே பேசட்டும்.

என் மனசில் கிடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'வீ லாஸ்ட் எவ்ரிதிங்' என்று எழுதியிருக்கிறாய். நாம் எல்லாவற்றையும் இழக்கவில்லை. தோப்பில் 210 தென்னை மரம் இருந்தது, 17 நின்றது. நிவாரணமாக மரத்துக்கு 1,100 ரூபாய் என்றார்கள், மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், நெட்டை ரகம் புதிதாக வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் என்பதையும் பக்கத்தில் எழுதினார். 'எவ்ரிதிங்' என்ற சொல்லைப் படிக்கிறவர் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவார், அவ்வளவுதான். அந்தத் தாளைப் பார்த்தால் ஒரு மனிதர் தன் வீட்டுக்காகக் கணக்குப் போடுவதைப் பார்ப்பார். நம் குடும்பத்தைப் பரிதாபத்துக்காக எழுத வேண்டாம் பாப்பா. எவ்வளவு நல்ல மதிப்பெண் கிடைத்தாலும் வேண்டாம்.

கடைசிப் பத்தி முழுவதையும் எடுத்துவிடு. 'ரெசிலியன்ஸ்', அதாவது அடிபட்டாலும் மீண்டு எழும் திடம், கற்றுக்கொண்டேன் என்பது உன் வாயில் வராத சொல். பதினொரு வயதில் நீ அப்படி எதுவும் கற்றுக்கொள்ளவில்லை, பள்ளிக்கூடம் லீவு என்று இரண்டு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தாய். அதை எழுத வெட்கப்படாதே, அது உண்மை. விடிந்து பார்த்தபோது அப்பாயி போய்விட்டது என்று சொன்ன கிணற்றடி மரம் நின்றுகொண்டிருந்ததே, அதையும் எழுது. ஆனால் அதை நம்பிக்கைக்கு அடையாளமாக ஆக்கிவிடாதே. குருத்து முறுகிப்போயிருந்தது, சித்திரைக்குள் அதுவும் பட்டுப்போய் வெட்டினோம். நின்ற 17இல் அது சேர்ந்ததுதானா என்று அப்பாவிடம் கேட்டேன், சேர்த்துத்தான் சொன்னாராம். அப்படியானால் 16 என்று எழுது, அல்லது பின்னால் ஒன்று போனது என்று எழுது.

நீ கேட்ட மற்றவற்றுக்கு அப்பா சொன்னது: காற்று முதலில் வடக்கிலிருந்துதான் அடித்தது. நாலு மணி வாக்கில் கொஞ்சம் ஓய்ந்து, திரும்பித் தெற்கிலிருந்து அடித்தது. அதில்தான் பாதி மரம் போனது. மாட்டை முந்தின சாயங்காலமே அவிழ்த்துவிட்டுவிட்டார், கன்றை மட்டும் நம்மோடு அறைக்குள் கட்டியிருந்தோம். அறைக்குள் சாணி வாடை இருந்ததா என்று எனக்கு நினைவில்லை, உனக்கு இருந்தால் எழுது.

திருத்திய கட்டுரையை வாரக் கடைசிக்குள் அனுப்பு. மிச்சத்தை அப்பாவிடமே கேட்டுக்கொள். நம் நேரம் இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன்னால் புதுத் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தோப்பில் இருப்பார், போனை எடுக்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா