செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025: ரங்கப்பிள்ளை வீதி வீடும் நமது கையேடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பேரவைக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் பணிவான வணக்கம். புதுச்சேரியின் பழைய கட்டடங்களில் அக்கறை கொண்ட நமது சங்கம் கடந்த ஓராண்டில் ஆற்றிய பணிகளை அவையின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இருமுறை போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் கலைந்தது. மூத்த கொத்தனார் ஒருவர் சுண்ணாம்புச் சாந்து பற்றி ஆகஸ்டில் உரையாற்றினார். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. மாதந்தோறும் முதல் ஞாயிறு நடைபெறும் மரபு நடை, ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததற்கு மறுநாளான டிசம்பர் 1 அன்று ஊரே வெள்ளத்தில் இருந்ததால் கைவிடப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மையான பணி, ஆனந்த ரங்கப்பிள்ளை வீட்டைப் பற்றி மாணவர்களுக்காகத் தமிழில் கையேடு கொண்டுவந்தது. இதற்கு ஏன் இவ்வளவு காலமும் பணமும் என்று கேட்ட உறுப்பினர்களுக்கு விளக்கம் தரக் கடமைப்பட்டுள்ளேன். 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் சிறுவனாகப் புதுச்சேரி வந்த ரங்கப்பிள்ளை, அதுவரை தலைமைத் துபாசியாக (மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக) இருந்த கனகராய முதலியார் 1746-இல் காலமான பிறகு, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் தலைமைத் துபாசி ஆனார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல் வரவும், சரக்கு விலையும், கவர்னர் மாளிகைப் பேச்சும், ஊர் வம்பும் ஒருங்கே கிடக்கின்றன. அது 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரரால் வெளிச்சத்துக்கு வந்தது. 1904-க்கும் 1928-க்கும் இடையே ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அச்சானது. தமிழில் எழுதியவரின் வீட்டைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழிலேயே படிக்க வேண்டும் என்பதே என் ஒரே எண்ணம்.

1730-களில் எழுந்த அந்த வீட்டை வெள்ளைத் தூண்களுக்காகவே பலரும் பேசுகிறார்கள். என் கருத்தில் அது பாதி வீடுதான். கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றி நிற்பவை செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரத்தூண்கள். அது முழுக்க நம் தமிழ் வீட்டின் அமைப்பு. மாடிக்கு ஏறினால் ஐரோப்பிய பாணியில் வெண்ணிறத் தூண்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரமும் மேற்கே தமிழர் நகரமுமாகப் பிரிந்திருந்த ஊரில், இரண்டு பக்கமும் பேசிப் பிழைக்க வேண்டியிருந்த மனிதர் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் கட்டியிருக்கிறார். ஆகவே நமது நடையில் மாடியைப் பற்றிப் பேசும் முன் முற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதில் இன்றும் மாற்றமில்லை. ரங்கப்பிள்ளை வணிகம் பார்த்தது பெரும்பாலும் தம் பாக்குக் கிடங்கில் என்பதை நாட்குறிப்பே காட்டுகிறது. கிடங்கையும் வீட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனிதர் பிள்ளைகளின் மனத்தில் நிற்பார் என்று அதற்கெனத் தனிப் பக்கம் ஒதுக்கினேன்.

ரங்கப்பிள்ளை இறந்தது 1761 ஜனவரியில். அடுத்த சில நாள்களில் நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பின்னர் கோட்டையும் ஐரோப்பியர் பகுதியும் தரைமட்டமாக்கப்பட்டன. அந்த அழிவைக் கடந்து நிற்கும் மிகச் சில கட்டடங்களுள் ஒன்று இந்த வீடு. இந்த 1761-தான் நமது கையேட்டின் அச்சில் 1716 ஆகிவிட்டது. அச்சகத்தின் மீது முழுப் பழியையும் போட நான் விரும்பவில்லை. கடைசிப் படி திருத்தத்துக்கு வந்த அன்று உடன் பார்ப்பதாகச் சொன்ன இருவரும் வரவில்லை, நான் ஒருவனாகவே பார்த்தேன். பிப்ரவரி நடையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, 1716-இல இறந்தவரு 1736-இல எப்படி எழுத ஆரம்பிச்சாரு?" என்று கேட்டபோதுதான் பிழை கண்ணில் பட்டது. அன்றே விநியோகத்தை நிறுத்தினேன். சரியான எண் அச்சிட்ட சிறு சீட்டுகளை வாங்கி, மூன்று வாரம் இரவுகளில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு பிரதியாக ஒட்டி முடித்தேன். தாமதத்துக்குக் காரணம் இதுவே. உதவிக்கு வரும்படி அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி பல விழுந்தது. வந்தவர் பொருளாளர் மட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். நன்கொடைகளால் கையேட்டுச் செலவின் பெரும்பகுதி ஈடுகட்டப்பட்டது, எஞ்சியது முன்பணமாக ஈடுசெய்யப்பட்டுள்ளது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சந்தா நிலுவையைப் பற்றி மட்டும் பேசாமலிருக்க இயலவில்லை. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இவ்வாண்டுச் சந்தா செலுத்தவில்லை. சிலர் முந்தைய ஆண்டுக்கும் செலுத்தவில்லை. நடைக்கு வராதவர்களுக்கு வேலை இருந்திருக்கும் என்று ஏற்றுக்கொள்ளலாம். சந்தாவுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

நன்கொடையாளர்களுக்கும், மாணவர்களை அனுப்பிய ஆசிரியர்களுக்கும், கூட்ட அரங்கு தந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில் கையேட்டைத் திருத்திய பதிப்பாக, தூண்களின் அளவுப் படங்களுடன் கொண்டுவர வேண்டும். நம் தெருக்களில் மர உத்தரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய தளக்கூரை ஒழுகினால் உடனே சிமென்ட் பூசிவிடுகிறார்கள். ஈரம் வெளியேற வழியின்றிச் சுண்ணாம்புச் சுவரும் மர உத்தரமும் உள்ளேயே உளுத்துப்போகின்றன. இதைப் பற்றியும் வீட்டுக்காரர்களுக்கு எளிய வழிகாட்டி ஒன்று அடுத்த மழைக்கு முன் தேவை. எழுதிக் கொடுக்க நான் தயார். அச்சுக்கூலிக்கு என்ன வழி என்பதைப் பேரவை தீர்மானிக்கட்டும். பொறுப்பை ஏற்க வேறு எவர் முன்வந்தாலும் கோப்புகளை முழு மனதுடன் ஒப்படைப்பேன். ரசீதுப் புத்தகம் வாயிலருகே உள்ள மேசையில் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை பொருளாளர் அங்கேயே இருப்பார்.

பணிவுடன்,
செயலாளர்