திருவாதிரை ஒருநாள் வெடிக்கத்தான் போகுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன இதழ்ல பிரபஞ்சத்தோட முடிவு பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், விஷயமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, 1998ல சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிச்சுச் சிதறற நட்சத்திரங்களை அளந்து பார்த்து பிரபஞ்சம் வேகம் கூடிக்கிட்டே விரியுதுன்னு கண்டுபிடிச்சது, லட்சம் கோடி வருஷக் கணக்குல போனா புது நட்சத்திரம் பிறக்கறதே நின்னு இருட்டாயிடும்கிறது எல்லாம். ஆனா கடைசில அப்போ எதுக்குத்தான் அர்த்தம் இருக்குன்னு முடிச்சது மனசை உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன்.

எங்க அம்மாவுக்கு மார்கழி திருவாதிரைன்னா உசுரு. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து, முந்தின நாளே வறுத்து ரவையா உடைச்சு வெச்ச பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் வெல்லத்தண்ணில கொட்டிக் களி கிளற ஆரம்பிச்சா நெய் வாசம் மாடி வரைக்கும் வரும். அந்த நேரத்துல மேற்கால நிலா இறங்கிக்கிட்டு இருக்கும், அதுக்குப் பக்கத்துல லேசா செவந்த ஒரு நட்சத்திரம், அதுதான் திருவாதிரைன்னு காட்டிக் கொடுத்தது அம்மாதான். இங்கிலீஷ்ல பீட்டல்ஜூஸ்னு சொல்றது அதைத்தான்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதுக்கு வயசு ஒரு கோடி வருஷம்தான் இருக்குமாம், நம்ம சூரியனுக்கு 460 கோடி, ஆனா முதல்ல முடியப்போறது அதுதான், ஏன்னா பெரிய நட்சத்திரம் எரிபொருளை சீக்கிரமா எரிச்சுத் தீர்த்துடும். 2019 கடைசில அது திடீர்னு மங்கினப்போ அம்மா நியூஸ்ல பார்த்துட்டு, "அதுக்கு என்னடா ஆச்சு"ன்னு சொந்தக்காரங்களுக்கு உடம்பு முடியாத மாதிரி கேட்டாங்க. அது கக்கின தூசே அதை மறைச்சுதுன்னு அப்புறம் சொன்னாங்க.

நம்ம ரத்தத்துல இருக்கற இரும்பு, எலும்புல இருக்கற கால்சியம் எல்லாம் சூரியன் பிறக்கறதுக்கு முன்னாடியே வெடிச்சு முடிஞ்ச நட்சத்திரங்கள்ல உண்டானது சார். அதுங்க முடியாம அப்படியே நின்னிருந்தா களி கிளற ஒரு கையே இருந்திருக்காது. முடிஞ்சு போறதுக்கு அர்த்தம் இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்? அம்மா செய்யற களி காலைல பத்து மணிக்குள்ள தீர்ந்துடும், அதுக்காக ஒரு வருஷம்கூட அவங்க கிளறாம இருந்ததில்லை.

அம்மா போய் ரெண்டு வருஷமாச்சு. முதல் வருஷம் பண்டிகை கிடையாது. இந்த மார்கழில நானே கிளறினேன், தண்ணி கூடிப்போய் கொஞ்சம் குழைஞ்சுடுச்சு. அடுப்பை அணைச்சுட்டு பொண்ணை எழுப்பி மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன், தூக்கக் கலக்கத்துல எதுப்பா எதுப்பான்னு கேட்டா, நிலாவுக்குப் பக்கத்துல செவப்பா தெரியுது பாருன்னேன். 500 வருஷத்துக்கு மேல முன்னாடி அங்கிருந்து கிளம்பின வெளிச்சம் அது. அடுத்த தடவை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, அந்த நட்சத்திரத்தை எந்த மாசம் எந்தத் திசைல பார்க்கலாம்னு ஓரமா ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்க.

இப்படிக்கு,
பல வருஷ வாசகன், கும்பகோணம்