வழி கேட்ட தம்பிக்கும், துணை நின்ற உங்கள் எல்லோருக்கும்

அன்புடையீர்,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தெருவைப் பார்த்த அறையில் சன்னலோரமாகக் கட்டிலைப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். போகிற வருகிறவர்களைப் பார்த்துக் கையசைக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார். கடந்த வாரங்களில் என்ன நடந்தது என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். பலர் வேலூர் மருத்துவமனை வராந்தாவில் எங்களோடு இரவெல்லாம் விழித்திருந்தவர்கள். ஆகவே அதை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. நன்றி சொல்வதற்காக மட்டுமே இந்த மடல்.

இரத்தம் கொடுப்பதற்காக ஆற்காட்டிலிருந்தும் போளூரிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வந்த பிள்ளைகளுக்கும், சத்துவாச்சாரியிலிருந்து நாள் தவறாமல் தூக்கில் கஞ்சியும் மிளகு ரசமும் கொண்டுவந்த சித்தி வீட்டாருக்கும், எங்கள் பதற்றத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப விளக்கம் சொன்ன மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பூட்டிக் கிடந்த வீட்டின் வாசலில் தினமும் கோலமிட்டு விளக்கேற்றிய எதிர்வீட்டுத் தறிக்காரக் குடும்பத்துக்கும், அப்பாவோடு நெடுஞ்சாலைத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, தங்கள் முதுமையைப் பொருட்படுத்தாமல் படியேறி வந்து பார்த்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டிய நன்றி இது. வருவோம்.

இவர்களோடு சேர்த்து ஒரே வரியில் சொல்லிவிட முடியாத ஒருவர் இருக்கிறார். அப்பாவை மருத்துவமனையிலிருந்து ஆரணிக்கு அழைத்துவந்த வாடகைக் கார் ஓட்டுநர். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே எழுதுகிறேன். அவர் செய்ததைப் பெரிய உதவி என்று அவர் நினைக்கவே இல்லை. என் நன்றியைக் கேட்டு அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அந்த வண்டிக்குள் இருந்த எங்களுக்கு அது என்னவென்று தெரியும்.

சக்கர நாற்காலியில் அப்பாவைக் கொண்டுவந்தபோது, பின் இருக்கையில் எனக்கும் என் உடன்பிறந்த தம்பிக்கும் நடுவில் அவரை உட்கார வைப்பதாகத்தான் ஏற்பாடு. தம்பி இறங்கி வந்து, “ஐயாவை முன்னாடி உட்கார வைக்கலாமாக்கா? சீட்டைச் சாய்ச்சு விடறேன், கால் நீட்டிக்கலாம்” என்றார். தலையணையை முதுகுக்கு அணைகொடுத்து, பட்டையை வலிக்காத விதமாக மாட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பும் முன் அப்பாவின் பக்கம் திரும்பிக் கேட்டார்: “ஐயா, ஆரணிக்கு எந்த வழியா போகட்டும்?”

நோய் வந்த நாளிலிருந்து அப்பா மிகவும் குறைவாகவே பேசினார். மருந்து, சாப்பாடு, பரிசோதனை, கையெழுத்து என்று எல்லாக் கேள்விகளும் எங்களிடமே வந்தன. அது அப்படித்தான் நடக்கவும் முடியும். ஆனால் நாற்பது ஆண்டுக் காலம் ஒரு குடும்பம் எங்கே போவது, எப்போது கிளம்புவது, எந்தச் சாலையில் திரும்புவது என்பதையெல்லாம் தீர்மானித்த ஒரு மனிதர், தன் பெயரைக்கூட மற்றவர் சொல்லக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவரிடம் நேராக ஒரு கேள்வி வந்தது. அப்பா உடனே பதில் சொல்லவில்லை. கண்ணமங்கலம் வழிதான் பக்கம் என்று தம்பிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இருந்தும் அவர் சாவியைத் திருகாமல், அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே காத்திருந்தார். பின்னால் நின்ற ஆட்டோ ஒலியெழுப்பியும் அவர் அசையவில்லை.

“ஆற்காட்டுல திரும்பி, திமிரி வழியா போப்பா” என்றார் அப்பா. பல நாள்களுக்குப் பிறகு நாங்கள் கேட்ட முழு வாக்கியம் அது. அது சுற்றுவழி என்று என் தம்பி மெல்லச் சொன்னபோது, ஓட்டுநர் தம்பி, “ஐயா சொல்ற வழியிலயே போலாம்ணா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அப்பா ஏன் அந்த வழியைச் சொன்னார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தோடு சேர்வதற்கு முந்தைய காலத்தில், சாலை ஆய்வாளராக இருந்த அவர் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கினார். பள்ளி விடுமுறை விட்டால் போதும், விடியும் முன்பே அம்மா புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிவிடுவார். கூஜாவில் தண்ணீர், பின்னால் ரேடியேட்டருக்குத் தனியாக ஒரு கேன். முன்னால் ஒரே பலகையாக நீண்ட இருக்கை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் என் இடம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி கொதித்து நின்றால், அப்பா பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, இந்த மலைச்சாலையில் மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது பார் என்று காட்டுவார். காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கப்பட்ட பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை சவ்வாது மலையேறிப் போய், பொதுமக்களுக்கென்று வைத்திருந்த சிறிய தொலைநோக்கியில் சனிக்கோளின் வளையத்தைப் பார்த்துவிட்டு, நள்ளிரவில் ஆலங்காயம் வழியாக இறங்கி வந்தோம். எங்கே போனாலும், திரும்பும்போது அப்பா சுற்றிக்கொண்டு ஆற்காட்டுக்குத்தான் வருவார். கோவாவையும் மைதாவையும் பிசைந்து, நடுவில் முந்திரியும் திராட்சையும் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைத்த மக்கன் பேடா வாங்காமல் எங்கள் எந்தப் பயணமும் முடிந்ததில்லை. பாலாற்றங்கரையில் டெல்லி வாசல் அருகே வண்டியை நிறுத்தி, 1751இல் கிளைவ் இந்த ஊர்க் கோட்டைக்குள் 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்ற கதையை, நாங்கள் பேடாவைத் தின்று முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வழியில்தான் தம்பி எங்களை அழைத்துப் போனார். சத்துவாச்சாரியைத் தாண்டும்போது, “ஐயா, இந்த ரோடு முன்னாடி எப்படி இருக்கும்?” என்று கேட்டார். இரண்டு வண்டி ஒதுங்கிப் போகும் அளவுக்குத்தான் இருக்கும் என்றும், வேலூர்க் கோட்டைக்குள் இன்று இருக்கும் ஜலகண்டேசுவரர் அந்நாளில் இந்தச் சத்துவாச்சாரியில்தான் இருந்தார், 1981இல்தான் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பினார் என்றும் அப்பா சொன்னார். விட்டு விட்டுத்தான் சொன்னார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நெடுநேரம் ஆயிற்று. தம்பி அந்த இடைவெளிகளைத் தன் பேச்சால் நிரப்பவில்லை. சொல்லை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. இரத்தினகிரி முருகன் குன்று தெரிந்தபோது வேகத்தைக் குறைத்தார், அப்பா கைகூப்பினார். மேல்விஷாரம் கடந்து ஆற்காட்டுக்குள் நுழைந்ததும், அப்பா என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். எதற்கென்று புரிந்து பணத்தைக் கொடுத்தேன். அதை அவர் தம்பியிடம் கொடுக்க, தம்பி சாலையைக் கடந்துபோய்ப் பேடாப் பொட்டலத்தையும் மீதிச் சில்லறையையும் கொண்டுவந்து, என்னிடம் தராமல், அப்பாவின் கையிலேயே எண்ணி வைத்தார். அப்பா அதைச் சாப்பிட முடியாது. பேரப்பிள்ளைகளுக்கென்று மடியில் வைத்துக்கொண்டார்.

ஆற்காட்டுக்குத் தெற்கே சாலை வெகுவாக மாறிவிட்டது. நெடுஞ்சாலைத் துறை ஆண்டுதோறும் பழத்தை ஏலம் விடும் புளிய மரங்கள், அப்பா தம் ஆள்களை வைத்து வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்த அந்த மரங்கள், பல இடங்களில் இல்லை. தேசிய நெடுஞ்சாலை என்றால் மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சைத் தலை என்று மைல்கல்லைப் பார்த்து நாங்கள் கத்திக்கொண்டு வந்த சாலை இதுதானா என்று எனக்கே ஐயமாக இருந்தது. திமிரிக்கு அப்பால் ஓரிடத்தில், எஞ்சி நின்ற ஒரு புளிய மரத்தைப் பார்த்து அப்பா கையை உயர்த்தினார். தம்பி ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். அடுத்த சவாரிக்கு நேரமாகியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் கைப்பேசி இருமுறை ஒலித்தது, அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா இருந்திருந்தால் இந்நேரம் புளிசாதத்தைப் பிரித்திருப்பாள் என்று அப்பா சொன்னார். அம்மா போன பிறகு அவர் அம்மாவைப் பற்றிப் பேசியதே அரிது. நாங்கள் மூவரும் அந்த நிழலில் அழுதோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வீட்டு வாசலில் அப்பாவை இறக்கிவிட்டபின், சுற்றுவழிக்கும் காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்துக் கொடுத்த பணத்தைத் தம்பி வாங்கவில்லை. வேலூரில் பேசிய தொகையை மட்டும் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியும் நிற்கவில்லை.

நோயாளியைக் கவனித்துக்கொள்வது என்றால் மருந்தும் கஞ்சியும் தூக்கமும் மட்டுமல்ல என்பதை அந்தப் பயணத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். இனி எங்கள் வீட்டில் அப்பா எந்த வண்டியில் ஏறினாலும் முன் இருக்கை அவருடையது. எந்த வழி என்பதும் அவர் சொல்வதுதான். நேரமானால் ஆகட்டும். மருத்துவர்கள் அனுமதிக்கும்போது ஏலகிரிக்கு அவரை ஒருமுறை கூட்டிப் போக வேண்டும் என்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். பெங்களூரில் இருக்கும் அண்ணனும் வருகிறார்.

தம்பி, அடுத்த மாதம் பரிசோதனைக்கு வேலூர் வர வேண்டும். உங்கள் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். போகும்போது கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாம். காலையில் சற்று முன்னதாகவே வந்துவிடுங்கள். இந்த முறை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நன்றியுடன்,
மகள், குடும்பத்தார் அனைவரின் சார்பில்
ஆரணி