டூசானில் முருங்கை

டூசான், அரிசோனா

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தோட்டத்துக்கு நடந்தே போய் வருகிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. பேத்தி பேசத் தொடங்கிவிட்டாள் என்று இவளிடம் சொன்னேன். அன்றே கவுன் தைக்கத் துணி வாங்கப் போய்விட்டாள். குழந்தையின் அளவை எழுது. இல்லாவிட்டால் இவள் பாட்டுக்கு ஊகத்தில் தைத்துவிடுவாள்.

மருமகனுக்கு ஃபீனிக்ஸில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டில் முருங்கை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வைக்கலாம். ஆனால் அரவக்குறிச்சிப் பக்கம் நாம் பார்த்து வளர்ந்த முருங்கையை மனத்தில் வைத்துக்கொண்டு நட்டால், முதல் ஜனவரியிலேயே சலித்துப்போவார்.

பாலைவனம் என்றதும் எல்லாரும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஃபீனிக்ஸில் 2023ஆம் ஆண்டு தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. வேருக்குத் தண்ணீர் கிடைத்தால் முருங்கை அந்த வெயிலையும் தாங்கும். அதற்கு எமன் குளிர்கால இரவு. காற்றில் ஈரம் கிடையாது, வானத்தில் மேகம் கிடையாது. பகலில் மண் வாங்கிய சூடெல்லாம் இரவில் வானத்துக்கே போய்விடும். மதியம் சட்டையோடு உட்கார்ந்திருந்த அதே திண்ணையில் விடியற்காலை பூச்சியத்துக்குக் கீழே இருக்கும். ஊட்டியில் ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடக்குமே, அதே உறைபனிதான். மறுநாள் வெயில் ஏறியதும் முருங்கை இலை வெந்த கீரைபோல் தொங்கும். இளங்கிளைகள் கருத்துவிடும்.

இங்கே ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு வளரும் சகுவாரோ கள்ளிக்கும் இதே பயம்தான். ஓர் இரவு உறைந்து பகலில் இளகினால் பிழைத்துக்கொள்ளும். ஒரு பகல் முழுவதும் இளகாமல் நின்றால் ஆபத்து. வடக்கே அது எதுவரை பரவ முடியும் என்பதைக் குளிர்தான் முடிவு செய்கிறது. 2011 பிப்ரவரியில் டூசானில் மைனஸ் 8 வரை இறங்கியது. அப்போது இந்த ஊரில் பிறந்த செடிகளே அடிபட்டன. வெளியூர்க்கார முருங்கையைக் கேட்பானேன்.

ஆனால் வேர் அவ்வளவு எளிதில் சாகாது. விதை போட்டு வளர்த்த முருங்கைக்குக் கிழங்குபோல் பருத்த ஆணிவேர் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே எல்லாம் போனாலும் மார்ச், ஏப்ரலில் அடியிலிருந்து துளிர்க்கும். அதனால் கிளையை வெட்டிப் போத்தாக நட வேண்டாம், விதைதான் சரி என்று மருமகனிடம் சொல். போத்துக்கு அந்த ஆணிவேர் இறங்காது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பார்களே, இங்கே ஒடிக்கிற வேலையைப் பனியே பார்த்துக்கொள்கிறது. கீரை மட்டும் போதும் என்பவருக்கு இதுவே தாராளம்.

காய் வேண்டும் என்றால்தான் சிக்கல். தரை வரை கருகிய மரம் மறுபடி உயரம் போடுவதிலேயே கோடை முடிந்துவிடும். பூத்துக் காய் இறங்கும்போது அடுத்த உறைபனி வாசலில் நிற்கும். பூவிலிருந்து முற்றிய காய்க்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறது, பார். ஆகவே இடுப்பளவு அடிமரத்தையாவது பிழைக்க வைக்க வேண்டும். அது பிழைத்தால் இங்கே ஜூலை, ஆகஸ்டில் பெய்யும் கோடை மழையோடு பூத்து, குளிருக்கு முன் காய் பறித்துவிடலாம். ஜூனில் வரும் பூவை நம்ப வேண்டாம், வறண்ட அனலில் பெரும்பாலும் கொட்டிவிடும்.

இடம்தான் பாதி வைத்தியம். தெற்கு பார்த்த சுவரை ஒட்டி நடச் சொல். பகலில் சுவர் வாங்கும் சூடு இரவில் மரத்துக்குக் கிடைக்கும். பள்ளத்தில் நடவே கூடாது, குளிர்காற்று தண்ணீரைப் போலத் தாழ்வான இடத்தில் வந்து தேங்கும். டிசம்பரில் அடிமரத்தைச் சாக்கால் சுற்றி, வேர்மேல் வைக்கோலைக் குவித்துவிட வேண்டும். பனி எச்சரிக்கை வந்த இரவில் தரை வரை துணி போர்த்தலாம். இலையில் ஒட்டும் பிளாஸ்டிக் கெடுதல். உள்ளே பழைய குண்டு பல்பு ஒன்று எரிந்தால் இன்னும் நல்லது, எல்இடி விளக்கில் சூடு வராது. கருகிய கிளையைப் பார்க்கச் சகிக்காமல் ஜனவரியிலேயே வெட்டுவார்கள் சிலர். பனிக்காலம் முடியும்வரை அது அப்படியே கிடக்கட்டும், கீழே உள்ளதற்கு அதுவும் ஒரு போர்வை.

மண்ணைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நம் பக்கத்துச் சுக்கான் பாறை இங்கேயும் உண்டு, கலீச்சி என்கிறார்கள். கடப்பாரையால் அதை உடைத்து, குழியில் தண்ணீர் ஊற்றி, வடிகிறதா என்று பார்த்துவிட்டு விதைக்க வேண்டும். இலை உதிர்ந்து மரம் தூங்கும் மாதங்களில் தண்ணீரைக் குறைக்காவிட்டால் வேர் அழுகும். உன்னை வாட்டும் கம்பளிப்பூச்சி இங்கே இல்லை. அதற்குப் பதில் கோடையில் செஞ்சிலந்தி, எந்தக் காலத்திலும் முயல். கன்றைச் சுற்றிக் கம்பிவலை அவசியம்.

ஃபீனிக்ஸ் எங்களைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. நகரின் நடுவே கான்கிரீட் சூடு இரவிலும் அடங்காததால் சில ஆண்டுகளில் உறைபனியே விழுவதில்லை. புறநகரில் வீடு பார்த்தால் நான் சொன்னது அத்தனையும் வேண்டியிருக்கும். எந்தப் பகுதி என்று தெரிந்ததும் எழுது.

பாசத்தில் விதையைத் தபாலில் அனுப்பிவிடாதே. தாவர நலச் சான்றிதழ் இல்லாத விதையை இங்கே பறிமுதல் செய்துவிடுவார்கள். பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 ரக முருங்கை விதை இங்கேயே விலைக்குக் கிடைக்கிறது. மார்ச் மாதம் அவர்கள் வந்து இறங்கினால் முதல் விதையை நானே வந்து ஊன்றித் தருகிறேன். மூலனூரில் இப்போது காய் என்ன விலை போகிறது? இங்கே கடையில் உறைய வைத்து வெட்டிய துண்டுக்குக் கொடுக்கிற காசைச் சொன்னால், முழங்காலையும் மறந்து சண்டைக்கு வருவாய்.

அன்புடன்,
ராசு