ஏரியின் உள்வாய் தரிசு நிலமன்று

தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையத்தாருக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்தாருக்கும் சூளகிரிப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயி ஒருவன் எழுதும் மடல்.

வணக்கம். எங்கள் ஏரியின் உள்வாயில், அதாவது கரைக்குள் நீர் பரவி நிற்கும் பரப்பில், ஓடை வந்து சேரும் முகத்திலுள்ள மணல்மேட்டையும் அதையொட்டிய கோரைச் சதுப்பையும் தொழிற்கூடங்களுக்கான நிலத்தோடு சேர்க்கும் யோசனை இருப்பதாக அறிகிறோம். சித்திரை, வைகாசியில் வந்து பார்ப்பவருக்கு அது வெறும் பொட்டலாகத் தெரியும். தரிசு என்று குறித்துக்கொண்டு போவது எளிது. ஏரி நிறையும் ஆண்டுகளில், கார்த்திகை மாதம் அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

மழைவெள்ளம் அடித்துவரும் மணல் அந்த மேட்டில் படிகிறது; கோரைக்குள் நுழைந்ததும் நீரின் வேகம் தணிந்து வண்டலும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுவதால் மதகடி தூர்ந்துபோவது தள்ளிப்போகிறது. மணலில் ஊறும் நீரோ எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. இதன் அருமை இந்த மண்ணில் வாழ்பவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் கடினப் பாறைப் பகுதிகள். ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு மிகுந்து பிள்ளைகளின் பற்கள் கறைபட்டதையும் பெரியவர்களின் எலும்புகள் வளைந்ததையும் கண்ட பிறகே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இரு மாவட்டங்களுக்கும் வந்தது. ஏரி ஊற்றால் நிரம்பும் மேல்மட்டக் கிணற்றை இழந்தால் நாங்கள் மறுபடியும் ஆழத்தைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும்.

அந்த மணலில்தான் ஆட்காட்டியும் பட்டாணி உப்புக்கொத்தியும் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. கரைச்சரிவில் பஞ்சுருட்டான் வளை தோண்டுகிறது. ஒருமுறை மண் கொட்டி மேடாக்கினால் இவை திரும்பி வருமா என்பது எனக்கு ஐயமே.

2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், ஈரநிலத்தில் தொழிற்சாலை அமைப்பதைத் தடுக்கின்றன. ஆயினும் பாசனத்துக்கென அமைத்த நீர்நிலைகளை அவ்விதிகளின் வரையறை விலக்கிவைக்கிறது. அந்த விலக்கைக் காட்டி எங்கள் ஏரியைக் கைவிட்டுவிடுவார்களோ என்பதே எங்கள் அச்சம். அதே ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவையாக வரைபடத்தில் குறிக்கப்பட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்குமாறு ஆணையிட்டது. ஏரிகளை அளந்து எல்லை வகுத்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கிறது. திருப்பூரின் ஆலைகளுக்கு நடுவே உள்ள நஞ்சராயன் குளமும் பாசனக் குளமே. அது பறவைகள் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதியையும் பெற்றது.

தொழில் வளர்ச்சியை நாங்கள் எதிர்க்கவில்லை. ஓசூர் ஆலைகளின் சம்பளத்தில்தான் எங்கள் ஊரின் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. ஆனால், பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் கலந்துவரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் வெண்ணுரையாகப் பொங்குவதையும் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஆற்றிலாவது வெள்ளம் வந்து அடித்துச் செல்லும்; ஏரியில் கலந்தது ஏரியிலேயே தங்கிவிடும்.

ஆகவே, உச்ச நீதிமன்றம் காக்கச் சொன்ன ஈரநிலங்களின் வரைபடத்தில் எங்கள் ஏரி உள்ளதா என்பதை ஆணையம் பார்த்துச் சொல்ல வேண்டும். நிலமாற்றம் குறித்த எந்தக் கோப்பும் நகருமுன், கோடைகால அளவை ஏற்காமல், ஏரி நிரம்பி உபரிநீர் கோடி வழியே வழிந்தோடும் நாளில் நிலஅளவையரை அனுப்பி, நீர் தொடும் கடைசி விளிம்பில் எல்லைக்கல் நட வேண்டும். எந்தக் கல்வரை தண்ணீர் வரும் என்பதை வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் எங்கள் நீர்க்கட்டி நன்கறிவார்; அவரோடு நாங்களும் உடன் நடந்து வருகிறோம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்