கிராஃபிக்ஸ் கார்டு விஷயமாகத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் ரூம்மேட்டின் பழைய கம்ப்யூட்டரும் நம் வீட்டுப் பெட்டி மாதிரியே திடீரென்று திரை கருத்து, கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறது, சில சமயம் நீலத் திரையிலேயே போய் நிற்கிறது என்று சொன்னாய். நம்முடையதை எப்படிச் சரிசெய்தேன் என்று சுருக்கமாகச் சொல்லும்மா என்றாய். போனில் சொன்னால் குன்னூர் சிக்னல் பாதியில் போய்விடும், நீயும் சரி சரி என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன். சுருக்கமாக மட்டும் வராது.

முதலில் ஒன்று. டிரைவர் என்பது திரைக்குப் படம் அனுப்புகிற கிராஃபிக்ஸ் கார்டை விண்டோஸ் ஓட்டுவதற்கான புரோகிராம். டிரைவர் கிராஷ் என்று வந்தால் டிரைவர்தான் கெட்டது என்று முடிவு கட்டாதே. நீ ஒவ்வொரு தடவையும் "டிரைவரை அப்டேட் பண்ணும்மா" என்றாய், போனில் விசாரித்த ஒரு கடைக்காரர் ஃபார்மட் அடிக்கணும் என்றார், மூடியைத் திறந்து பார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. விண்டோஸுக்கு விஸ்டா காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. கார்டுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு 2 நொடி பார்க்கும், பதில் வராவிட்டால் கார்டையும் டிரைவரையும் தானே ரீசெட் செய்யும். அந்த நேரத்தில்தான் திரை கருக்கிறது. ரீசெட் செய்தும் எழவில்லை என்றால் நீலத் திரை. விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு வரி பதிவாகும், அதில் இருப்பது இவ்வளவுதான். வகுப்பில் ஆஜர் கூப்பிடும்போது குரல் வராவிட்டால் டீச்சர் ஆப்சென்ட் போட்டுவிடுவார், பையனுக்குக் காய்ச்சலா பஸ் வரவில்லையா என்பது ரிஜிஸ்டரில் இருக்காது, அது மாதிரி.

அந்த 2 நொடியை, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில், 8, 10 என்று கூட்டச் சொல்லி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கார்டை வைத்து நீளமான ரெண்டரிங் வேலை பார்க்கிறவர்களுக்கு அதில் அர்த்தம் இருக்கிறது. யூடியூப் பார்க்கும்போதே கருக்கிற பெட்டியில் அதைச் செய்தால் திரை இன்னும் அதிக நேரம் உறைந்து நிற்கும், வேறு பலன் இல்லை. நான் தொடவில்லை.

நீ சொன்னதற்காக டிரைவரைத்தான் முதலில் பார்த்தேன், அதில் குறை வைக்கவில்லை. பழைய கார்டுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் புது டிரைவர் என்பதே கிடையாது. சிப் தயாரிக்கிற என்விடியாவில் ஃபெர்மி என்ற பழைய தலைமுறைக்கு 391.35-தான் கடைசி டிரைவர், அதற்கு அடுத்து வந்த கெப்ளர் கார்டுகளுக்கு 470 வரிசை டிரைவர்களோடு முடிந்தது. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் ஃபெர்மியும் உண்டு, கெப்ளரும் உண்டு, டப்பாவின் மேலே இருக்கிற பெயரைப் பார்த்துத் தேடினால் குழம்பிப் போவாய். ஜிபியு-இசட் என்ற சின்ன புரோகிராமைப் போட்டுப் பார்த்தால் உள்ளே எந்தச் சிப் என்று சொல்லிவிடும். உன் நண்பனிடம் என்ன கார்டு என்று கேட்காதே, அவனை ஜிபியு-இசட் படத்தை அனுப்பச் சொல்.

கார்டுக்குப் பொருத்தமான கடைசி டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு, அத்தியாவசியமானது மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் போய், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஓட்டிப் பழையதை வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். நெட்டை அணைக்க மறந்தால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தன்னிஷ்டத்துக்கு ஒரு டிரைவரைப் போட்டுவிடும், பிறகு எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாது.

இவ்வளவும் செய்த பிறகும் நம் பெட்டி சாயங்காலமானால் கருத்தது. சரி, டிரைவர் இல்லை என்று அத்தோடு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் என்பது எப்படித் தெரிந்தது என்றால், மகளிர் குழுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் மணி என்ன, என்ன ஓடிக்கொண்டிருந்தது, லைட் டல்லாக இருந்ததா என்று குறித்துக்கொண்டே வந்தேன். காலையில் ஒன்றுமே இருக்காது. தெருவில் எல்லார் வீட்டிலும் ஹீட்டர் போடுகிற நேரத்தில் பல்பு மங்கும் பார், அப்போதுதான் வரும். ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை லைனில் விழுந்து கரண்ட் போய்ப் போய் வந்த நாட்களில் இன்னும் மோசம். உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு "கம்ப்யூட்டருக்கும் குளிர் அடிக்குது" என்றார், அவர் பங்கு அவ்வளவுதான்.

அடுத்து கார்டையே கழற்றி வைத்துவிட்டு மானிட்டர் வயரை மதர்போர்டில் இருக்கிற போர்ட்டில் செருகி ஓட்டினேன். எல்லாப் பெட்டியிலும் இது முடியாது, பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்க வேண்டும், இன்டெலில் பெயர் எஃப் என்று முடிந்தால் இருக்காது. நம்முடையதில் இருக்கிறது. பல சாயங்காலம் ஓடியும் ஒரு தடவைகூடக் கருக்கவில்லை. அப்போ கார்டு, இல்லையென்றால் கார்டுக்குப் போகிற கரண்ட்.

சூட்டையும் பார்த்தேன். ஊரே குளிர், கார்டு எங்கே சூடாகப் போகிறது என்று நினைக்கக் கூடாது. சூட்டை இழுக்கிற உலோகத் தகடான ஹீட்சிங்க் இடுக்கில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தால் வெளிக்குளிர் உள்ளே போகாது, போதாததற்கு 1,850 மீட்டர் உயரத்தில் காற்றும் லேசு, ஃபேன் தள்ளுகிற காற்றால் சமவெளியில் எடுக்கிற அளவு சூட்டை எடுக்க முடியாது. நம் கார்டு 70 டிகிரியைத் தாண்டவில்லை, இருந்தாலும் பிரஷ்ஷால் துடைத்தேன். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், சுற்றவிட்டு ஊதினால் பேரிங் போய்விடும். மதர்போர்டு ஸ்லாட்டில் உட்காருகிற கார்டின் தங்கநிறப் பற்கள் மஞ்சு ஈரத்தில் மங்கிப் போயிருந்தன, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் தட்டிவிட்டு மாட்டினேன். இதையெல்லாம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல். கம்பளியில் உண்டாகிற ஸ்டாட்டிக் சிப்பைச் சாகடித்துவிடும்.

கார்டை மறுபடி மாட்டும்போதுதான் அந்த வயரைப் பார்த்தேன். ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் வரும், அதற்கு மேல் வேண்டுகிற கார்டுக்குத் தனியாக 6 பின் வயர் வேண்டும். பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற டப்பாதான் எஸ்எம்பிஎஸ், நம் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அது கிடையாது, நீ காலேஜ் படிக்கும்போது ஒரு கன்வர்ட்டர் வாங்கி மாட்டினாயே, நினைவிருக்கிறதா? அதற்கு இரண்டு வால். இரண்டையும் எஸ்எம்பிஎஸ்ஸின் இரண்டு பிளக்கில் செருகினால் பாரம் பிரிந்து போகும். நீ ஒன்றை மட்டும் செருகிவிட்டு மற்றதைக் கேபிள் கட்டுக்குள் சொருகி வைத்திருந்தாய். செருகிய வெள்ளை பிளக்கில் மஞ்சள் வயர் நுழைகிற ஓட்டையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக இளகி இருந்தது. மோந்து பார்த்தேன், கருகின வாடை.

மார்க்கெட் பக்கம் ரிப்பேர் பார்க்கிற அண்ணனை மல்டிமீட்டரோடு வரச்சொன்னேன். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் 12 வோல்ட் வர வேண்டும், 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. நீ விட்டுப்போன கார் ரேஸ் கேமைச் சாயங்காலம் ஓடவிட்டுப் பார்த்தோம். சும்மா தொங்குகிற பிளக்கில் 11.6, கன்வர்ட்டருக்கு அந்தப்பக்கம் 11-ஐத் தொட்டுத் தொட்டு ஆடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கருத்தது. அந்த அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கும் சந்தோஷம்தான், கண்ணெதிரே மாட்டிக்கொண்டது இல்லையா.

புது எஸ்எம்பிஎஸ், தனி 6 பின் வயரோடு, மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைத்துப் போட்டாயிற்று. பழையதைத் திறந்து சரிபண்ணலாமா என்று கேட்டதற்கு அந்த அண்ணன் வேண்டாம் என்றார், பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்குமாம். உன் நண்பனுக்கும் சொல், அந்த டப்பாவை மட்டும் திறக்கக் கூடாது.

அவன் பெட்டியிலும் இதே வயர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல். நாலு பாகத்தை ஒரே நாளில் மாற்றி அது சரியாகிவிட்டால், அடுத்த தடவை கெடும்போது மறுபடி நாலையும் வாங்குவான். கார்டை நன்றாக ஓடுகிற வேறு பெட்டியில் மாட்டியும் கருத்தால் கார்டே போய்விட்டது, அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

புது லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்கிறாயே, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது என்று நீ சொன்னது நியாயமான காரணம், அதை நான் மறுக்கவில்லை. பேங்க் வேலை எதையும் இந்தப் பெட்டியில் செய்வதில்லை. குழுக் கணக்கும் தையல் வீடியோவும்தான், அதற்கு இது போதும். தை மாதம் வந்தால் பேசிக்கொள்ளலாம்.

வரும்போது, மதர்போர்டில் தேதியும் மணியும் காக்கிற சிஆர் 2032 பேட்டரி இரண்டு வாங்கி வா, இங்கே கிடைப்பது சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கரண்ட் போனால் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, தேதி தப்பாக இருந்தால் எந்த வெப்சைட்டும் திறப்பதில்லை. சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் ஒரு சின்ன டியூபும் வேண்டும், கார்டுக்கு நானே போட்டுக்கொள்கிறேன்.

அம்மா
குன்னூர்