கருங்குரங்கு தரைக்குப் பழகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மலைக் குரங்குகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கொடைக்கானல் சாலையில் காரை நிறுத்தி பிஸ்கட்டும் சிப்ஸும் வீசுகிறவர்களைக் கண்டித்திருந்தது நியாயம்தான். அதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் ஒரு வரி மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "மரம் போனாலும் குரங்குகள் தரைக்குப் பழகிக்கொள்கின்றன" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டார்கள். சாலையை அகலப்படுத்துகிறவரும் இதைப் படிப்பார், தோட்டத்தில் மரம் வெட்டுகிறவரும் படிப்பார். அதுதான் பழகிக்கொள்கிறதே, அப்புறம் என்ன என்று அவர்கள் நினைத்தால் தப்பு சொல்ல முடியாது.

தரைக்குப் பழகுவது நாட்டுக்குரங்கு. எங்கள் பழநி மலையில் இருப்பது அது ஒன்று மட்டுமல்ல. சோலைக்காடுகளிலும் அவற்றை ஒட்டிய தோட்டங்களிலும் கருங்குரங்கு இருக்கிறது, கருமந்தி என்றும் சொல்வார்கள். கீழே இறங்கினால் திண்டுக்கல் பக்கம் அய்யலூர்க் காடுகளில் தேவாங்கு. மூன்றும் நம்மையும் சேர்த்த பிரைமேட் வரிசையைச் சேர்ந்தவை, மூன்றும் மரத்தில் ஏறுகிறவை. ஆனால் மரத்தில் போகும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. உடம்பு அப்படி அமைந்திருக்கிறது.

வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே கைப்பிடிச் சுவர் மேல் நடக்கும் நாட்டுக்குரங்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கைக்கும் காலுக்கும் நீளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. மரமும் தரையும் இரண்டும் அதற்குச் சரிப்படும். ஆனால் அதன் நடையிலும் மரத்து வழக்கம் ஒன்று மாறாமல் இருக்கிறது. நாய் இடது பின்னங்காலை ஊன்றினால் அடுத்து அதே இடது பக்கத்து முன்னங்காலை வைக்கும். குரங்கோ இடது பின்னங்காலை ஊன்றியதும் பெரும்பாலும் வலது கையைத்தான் வைக்கும். மெல்லிய கிளையில் கை புதிய இடத்தைத் தொடும்போது, ஏற்கெனவே சோதித்த இடத்தில் பின்னங்கால் உறுதியாக நிற்க வேண்டும். முன்னால் கிளை முறிந்தாலும் பின்னால் பிடி இருக்கும். இந்த நடை உருவானதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம் இதுதான். நாற்கால் விலங்குகள் பலவற்றுக்கு உடம்பின் பாரம் முன்னங்கால்களில் கூடுதலாக இறங்கும். குரங்கினத்துக்குப் பின்னங்கால்களில் கூடுதல். அதனால்தான் பறிக்கவும் பற்றவும் கை இருக்கிறது. நாம் இரண்டு காலில் எழுந்து நின்றதற்கு அடித்தளம் அங்கேயே விழுந்துவிட்டது என்று கருதுகிறவர்களும் உண்டு.

கருங்குரங்கின் கதை வேறு. எங்கள் காப்பித் தோட்டத்துக்கும் சோலைக்கும் நடுவே ஒரு மண் பாதை இருக்கிறது. இந்தப் பக்கம் பலா, அந்தப் பக்கம் அத்தி. கூட்டம் வழக்கமாகக் கடக்கிற இடம் அது. தாய்க்குரங்கு ஒன்று, செம்பழுப்பு நிறக் குட்டி வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்க, பலாக் கிளையின் நுனிவரை வந்து நிற்கும். நுனி வளையும். எதிர்க் கிளையைப் பார்த்தபடி உடம்பைத் தாழ்த்தி, எழுந்து, மறுபடி தாழ்த்தும். அப்புறம் இரண்டு பின்னங்கால்களும் ஒன்றாக உதைக்கும். கைகள் முன்னே நீள, நெடிய வால் பின்னே உடம்பை நிதானப்படுத்தும். அத்தியில் விழும்போது ஒரு கிளையை மட்டும் நம்பாது, எட்டிய சிறு கிளைகளைச் சேர்த்து அள்ளிப் பிடிக்கும். கிளைகள் அதன் பாரத்தில் தாழ்ந்து மேலே வரும்போது அந்த வேகத்திலேயே இலைக்குள் ஏறிப் போய்விடும். உதைக்கும் பின்னங்கால்கள் கைகளைவிட நீளம். விரல்களும் நீளம், கட்டைவிரல் மட்டும் குட்டை. வளர்ந்த ஆண் 10 கிலோவுக்கு மேலும் இருக்கும். அந்தக் கனத்தோடு உயரத்தில் தாவ வேண்டுமென்றால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிளை பரந்த மரம் இருக்க வேண்டும்.

அது தரையில் இறங்கவே இறங்காது என்று நான் சொல்லவில்லை. வேறு வழியில்லாவிட்டால் இறங்கும், இறங்கி அவசரமாகப் பாதையைக் கடக்கும். அந்த இடத்தில்தான் நாய் கடிக்கிறது, வண்டி ஏறுகிறது. சாலையோர மரங்களை வெட்டிய ஒரு வளைவில் அடிபட்டுக் கிடந்த கருங்குரங்கை நானே பார்த்திருக்கிறேன். லேகியம் என்று சொல்லி ஒரு காலத்தில் இவற்றைச் சுட்டுத் தீர்த்தோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. ஆனால் சட்டம் துப்பாக்கியைத் தடுத்தால் மட்டும் போதாது.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாலைக் கிளையில் சுற்றித் தொங்குகிற அந்தக் குரங்கு தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவில் உள்ள குரங்கு எதுவும் வாலால் தொங்கிப் போகாது. கை மாற்றிக் கை மாற்றி ஊஞ்சலாடிப் போகிற கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கும் தமிழ்நாட்டில் இல்லை, நம் நாட்டில் அது அஸ்ஸாம் போன்ற வடகிழக்கு மாநிலங்களில்தான் இருக்கிறது.

தேவாங்குக்குத் தாவவே வராது. கிளையை இறுகப் பற்றி, ஒரு கையை எடுத்து வைத்த பிறகே அடுத்த காலை எடுக்கும். ஆட்காட்டி விரல் மிகவும் சிறுத்துப்போனதால் பிடியின் வாய் அகலம். கைகால்களில் ரத்தக் குழாய்கள் வலையாகப் பின்னியிருப்பதால் நெடுநேரம் ஒரே பிடியில் இருந்தாலும் சோர்வதில்லை என்கிறார்கள். பூச்சிக்குத் தெரியாமல் நெருங்க அந்த நிதானம் வேண்டும். வெளியே தெரிகிற வால் கிடையாது. இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு பாய்ச்சல் தூரம் இடைவெளி விட்டால்கூட இதற்கு அந்த வழி அடைபட்டது. 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே முதல் தேவாங்குச் சரணாலயம். அதற்கு வெளியே, புதரும் வேலியும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காடுகளையும் விட்டுவைத்தால்தான் அது பிழைக்கும்.

பழகிக்கொள்ளும் என்று சொல்வதற்கு முன் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் வழியில் வால் மறைந்து சுமார் 2.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு காலில் நடந்தவர்களின் தடம் தான்சானியாவில் லேட்டோலி என்ற இடத்தில் 1978-இல் கிடைத்தது. எரிமலைச் சாம்பலில் பதிந்த அந்தத் தடத்துக்கு வயது சுமார் 36 லட்சம் ஆண்டுகள். அதற்குப் பிறகும் இன்றுவரை மேலும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறோம். ஓர் உடம்பு மரத்திலிருந்து தரைக்கு மாறுவதற்கு இவ்வளவு நீண்ட காலம் ஆகிறது. நாமோ ஒரு மழைக்காலத்துக்குள் மரத்தை எடுத்துவிட்டுக் கருங்குரங்கைப் பழகச் சொல்கிறோம்.

எங்களைப் போன்ற காப்பி விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பலா, அத்தி, நாவல், முருக்கு என்று நிழல் மரங்கள் இருந்த காலத்தில் கிளையோடு கிளை சேர்ந்திருந்தது. அவற்றை எடுத்துவிட்டு மிளகு ஏற்ற வசதி என்று வரிசையாகச் சில்வர் ஓக் வைத்தோம். கிளை கழித்த சில்வர் ஓக் கம்பம் நட்டதுபோல நிற்கிறது, அதில் கருங்குரங்கு எங்கே தாவும்? மிளகு வருமானத்தை விடச் சொல்லவில்லை. சோலையை ஒட்டிய ஓரத்திலும் பாதை ஓரத்திலும் உள்ள நாட்டு மரங்களை வெட்டாமல் விட்டாலே போதும். கிளை கழிக்கும்போது பாதைக்கு மேல் ஒன்றை ஒன்று தொடும் கிளைகளை விட்டுவிடும்படி ஆட்களுக்குச் சொன்னால் அவர்கள் கேட்கிறார்கள், அதில் ஒரு செலவும் இல்லை.

ஏற்கெனவே மரம் போன சாலைகளுக்கும் வழி இருக்கிறது. வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அவையும் அதில் கடக்கின்றன. கொடைக்கானல் மலைப்பாதையிலும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு சாலைகளிலும் குரங்குகள் வழக்கமாகக் கடக்கும் இடங்களில் இதைச் செய்யலாம். எந்த இடம் என்று தோட்டத் தொழிலாளர்களைக் கேட்டாலே காட்டுவார்கள்.

அந்த ஒரு வரியைத் திருத்தி அடுத்த இதழில் ஒரு குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். வால்பாறைப் பாலங்களின் படமும் சேர்த்துப் போட்டால் எங்கள் ஊராட்சியிலும் சாலைப் பணிக்கு வருகிறவர்களிடமும் காட்டிக் கேட்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
காப்பி விவசாயி ஒருவர்,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்